சுடுதண்ணிக் குளத்துக்குப் போகும் வழி

தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் லீலா காரை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எதிரே எதுவும் வரவில்லை, கால்தான் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கமாக ஒரு நீளமான வரிசை திறந்துகொண்டு இருட்டுக்குள் போனது. காலை ஒன்பது மணி வெயில் உச்சி ஓலைகளோடு நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் அவள் கணவர் குணசீலன் இடது கையைத் தூக்கி விரல்களை முன்பக்கமாக அசைத்தார். போ என்று அர்த்தம். முப்பத்தோரு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டிய கை. இல்லை, ஓட்டியது இரண்டு கையும்தான், வலது கை இப்போது மடியில் கிடக்கிறது, கிளம்பும்போது அவள்தான் அதைத் தூக்கி மடியில் வைத்தாள், உள்ளே மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள், விட்டதும் அவை மெதுவாகத் திரும்ப மடங்கிக்கொண்டன, அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. வேறு யாருடையதாகவோ ஆக்கியது யார். சரி, போகலாம். அவள் கியரைப் போட்டாள். இதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது, ரோட்டைப் பார்க்க வேண்டும், மழைக்குப் பிறகு குலை ஏற்றிய லாரிகள் போய்ப் போய் இரண்டு பள்ளமான தடம் விழுந்திருக்கிறது, நடுவில் மேடு, மேட்டில் காரின் அடிவயிறு தட்டாமல் போக வேண்டும். அவராக இருந்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போயிருப்பார்.

சுடுதண்ணி என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் தண்ணி என்றார், குவளையில் கொண்டுவந்து கொடுத்தாள், தலையை ஆட்டினார். பிறகு சூடு என்றார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. கடைசியில் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் கோணலாக ஒரு கோடு இழுத்து, முனையில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு மேலே மூன்று நெளிகோடு போட்டார். ஆவி. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பஸ் ஓட்டிய காலத்தில் ஓய்வு நாளில் கூட்டாளிகளோடு போய் வருவார், தோட்டத்துக்குள்ளே, குன்றுக்குப் பின்னால், பூமியிலிருந்து தானாகவே கொதித்து வருகிற குளம், முதுகுவலிக்கு நல்லது என்பார். அவளை ஒருமுறைகூட அழைத்துப்போனதில்லை. மகள் ஷாமினி போனில் வேண்டாம் என்றாள், அவ்வளவு உள்ளே போய்க் கார் சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் வருகிறோம் என்றாள். குணசீலன் லீலாவை விரலால் காட்டி, நீ என்றார். நீ மட்டும். அவர் எதைக் கேட்டாலும் இப்போதெல்லாம் முடியாது என்று அவளுக்குச் சொல்ல வருவதில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் அவளைப் புகழ்கிறார்கள். கோயிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போது பின்னாலிருந்து பேச்சு கேட்கிறது, லீலா மாதிரி பார்த்துக்கொள்ள யாரால் முடியும், குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள், போன வாரம் மாதர் பிரிவில் அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம் என்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அவள் போகவில்லை. போயிருந்தால் என்ன, போர்த்தினால் போர்த்திக்கொண்டு வந்திருக்கலாம், இன்னொரு பொய்தானே, ஏற்கெனவே இருக்கிற பொய்க்கு மேலே ஒரு துணி.

காவல் சாவடியில் கம்பு குறுக்கே கிடந்தது. காவலாளி எட்டிப் பார்த்து எங்கே என்று கேட்டான். ஆயர் பானாஸ் என்று அவள் மலாயில் சொன்னாள், வெந்நீர் ஊற்றுக்கு. அவன் குனிந்து குணசீலனின் தொங்கிய வாயோரத்தையும் மடங்கிய கையையும் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும், அதில் மரியாதை இருந்தது. பெயர், கார் நம்பர் எதுவும் எழுதிக்கொள்ளாமல் கம்பைத் தூக்கிவிட்டான். அவள் நிமிராமல் காரை எடுத்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், சந்தேகத்தோடு பார்த்தால் போதும், அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று இரண்டாம் தடவை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று தோன்றுகிறது. ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள், அந்த ஒரு தடவைக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் பலகை எதுவும் இல்லை. அவர் இடப்பக்கம் காட்டினார். அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள், கொஞ்சம் அதிகமாகவே ஒடித்துவிட்டாள், சக்கரம் ஓரப் புல்லில் ஏறி இறங்கியது. முன்பு என்றால் ஒரு சத்தம் போட்டிருப்பார். இப்போது எதுவும் சொல்லவில்லை. அந்த விருந்தில்தான் எவ்வளவு சொன்னார். ஷாமினியின் மாமியார் வீட்டுப் புதுமனை புகுவிழா, கூடாரம் போட்டு நாற்பது ஐம்பது பேர், சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது தொடங்கினார். லீலா லைசன்ஸ் எடுத்த கதை. நாலு தடவை தோற்றது, நாலாவது தடவை கம்பத்தில் இடித்துவிட்டு, கம்பம் முன்னாடி இங்கே இல்லை சார் என்று சோதனை அதிகாரியிடம் சொன்னது, இருபத்திரண்டு வருஷமாக அந்த லைசன்ஸ் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது, ஓட்டுவதற்கு இல்லை, கும்பிடுவதற்கு. கூடாரமே சிரித்தது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லீலாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் இன்னும் அசிங்கம். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் எதுவும் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போகவில்லை. ஏழு மாதமாக அவள் இன்னும் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தையும் கிளறிப் பார்த்துவிட்டாள். அவர் கோபத்தில் அவளை விட்டுவிட்டுப் போன ஒரு பேருந்து நிலையம் இருக்கிறது, அம்மாவின் சாவுக்கு ஒருநாள் தாமதமாக அழைத்துப்போனது இருக்கிறது. எதுவும் பொருந்தவில்லை. அன்றைக்குக் காலையில் மனசில் இருந்தது கம்பம் மட்டும்தான். கம்பம் முன்னாடி இங்கே இல்லை சார்.

மறுநாள் காலை எட்டு மணி பத்து நிமிஷம். அந்த நேரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், வானொலியில் அப்போதுதான் செய்தி முடிந்து பாட்டு தொடங்கியது. மேசையில் செய்தித்தாள் விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், முந்தின நாள் வாங்கிய நெத்திலி. குளியலறையில் குவளை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். துண்டுதான், துண்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதில்லை, உள்ளேயிருந்து லீலா என்பார், அவள் ஓடுவாள். இன்றைக்கு ஓடப்போவதில்லை என்று நினைத்தாள். நனைந்தபடியே வரட்டும். இதுவரைக்கும் தப்பில்லை. இதை அவள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், எந்தப் பெண்ணும் தலையாட்டுவாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன் என்பாள். இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். பல ராத்திரி அவள் இந்த இடம்வரை வந்து திரும்பிப் போய் மறுபடியும் செய்தி முடிகிற இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

முன்னால் ஓடை. மேலே பாலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டு மரத்துண்டைப் போட்டு அதன்மேல் பலகை அடித்திருந்தார்கள், சக்கரம் போகிற அகலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் வெறும் வெளி, கீழே பழுப்பு நிறத் தண்ணீர். அவள் காரை நிறுத்தினாள். திரும்பிவிடலாங்க என்றாள். அவர் இல்லை என்று தலையை அசைத்துவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார், இடது தோளைக் கதவில் அண்டக்கொடுத்து உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே சாய்த்து, முன்சக்கரத்தைப் பார்த்தார். "நான்... பாக்குறேன்" என்றார். "நீ... போ." அவள் முதல் கியரில் போனாள். அவர் கை வெளியே நீண்டு, கொஞ்சம் வலப்பக்கம், போதும், நேரே, நேரே, என்று காட்டிக்கொண்டே வந்தது. பலகை முனகியது. சக்கரம் ஒரு சாண் விலகினால் இரண்டு பேரும் தலைகீழாக ஓடையில், அவரால் கதவைத் திறக்கக்கூட முடியாது, அது அவருக்கும் தெரியும், தெரிந்தும் நாலு தடவை தோற்றவளின் கையில் உட்கார்ந்துகொண்டு நேரே என்று காட்டுகிறார். அக்கரை ஏறியதும் அவர் உள்ளே சாய்ந்து மூச்சு வாங்கினார். "நல்லா... ஓட்டுற" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அவளுக்குக் காரை நிறுத்திவிட்டு இறங்கி மரங்களுக்குள்ளே எங்காவது போய்விட வேண்டும்போல் இருந்தது. அவர் நம்புகிறார். இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அது லீலா இல்லை. லே, லே என்று ஒரு சத்தம், பிறகு ஏதோ ஒன்று கதவில் தட்டியது, மெதுவாக, விட்டு விட்டு. துண்டு கேட்கிறவர் அப்படித் தட்டமாட்டார். இங்கேதான் அவள் மாட்டிக்கொள்கிறாள், ஒவ்வொரு தடவையும் இங்கேதான். அப்போது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா. இருபத்துநாலு வருஷம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை செய்தவள் அவள், கையுறையில் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பிடித்து எந்த விரலில் கசிகிறது என்று பார்ப்பாள், ஊசிமுனை அளவு ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெரிந்துதான் எழுந்தாள், எழுந்து வானொலிப் பக்கம் போனாள், சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள். கை அதுபாட்டுக்குத் தலையைக் கிள்ளியது, குடலை எடுத்தது, ஒரு பக்கமாகத் தள்ளியது. ஒரு மீனுக்குப் பிறகு போகலாம் என்று நினைத்தாள். அப்புறம் இந்தக் கைப்பிடிக்குப் பிறகு. போகாமல் இருந்ததாலேயே போக முடியாமல் போனது, இப்போது போனால் முதலிலேயே ஏன் வரவில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல. நெத்திலி முழுவதும் ஆய்ந்து முடித்தபோது மணி எட்டு ஐம்பது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், அதையும் மறக்க முடியவில்லை, சோப்புப் போட்டாள், அதன் பிறகுதான் கதவைத் தள்ளினாள்.

வளைவில் லாரி எதிரே வந்தது, செம்பனைக் குலைகளை மலைபோல ஏற்றிக்கொண்டு ரோடு முழுவதையும் அடைத்தபடி. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் பின்னால் போவதற்காகக் காத்திருந்தான். அவள் ரிவர்ஸில் போக வேண்டியிருந்தது, திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஐம்பதடி, கழுத்து வலிக்க, வரிசைகளுக்கு நடுவே ஒதுங்குகிற இடம்வரை. குணசீலன் கண்ணாடியில் பார்த்துக் கையைக் காட்டினார். லாரி உரசினாற்போல் போனது, ஒரு பழம் உதிர்ந்து காரின் மேல் விழுந்து உருண்டது. பின்னால் போக முடிகிறது, ஐம்பதடி போக முடிகிறது. அந்த ஆஸ்பத்திரி நடைபாதைக்குப் போக முடிந்தால் போதும், அதற்குப் பின்னால்கூடப் போக வேண்டாம், நெத்திலி இருந்துவிட்டுப் போகட்டும். அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோன பிறகு ஷாமினி வேலையிடத்திலிருந்து ஓடி வந்தாள், அம்மா நீங்க எங்க இருந்தீங்க என்று கேட்டாள். பாசாருக்குப் போயிருந்தேன் என்றாள் லீலா, காலைச் சந்தைக்கு. யோசித்துச் சொல்லவில்லை. மகளின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்த ஒரு சொல். விடியற்காலையிலேயே போய்விட்டேன், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வந்து பார்த்தால் இப்படிக் கிடக்கிறார். அது மகளுக்குச் சொன்ன பொய், வீட்டுக்குள் கிடந்துவிட்டுப் போகும் பொய். பிறகு இளம் மருத்துவர் ஒருவர் வேகமாக வந்தார், இவரை நல்லபடியாகக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தது என்று கேட்டார். லீலா வாயைத் திறக்கும் முன்பே ஷாமினி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள், அம்மா விடியற்காலையிலேயே பாசாருக்குப் போய்விட்டார், நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் கடைசியாகப் பேசினார்கள். மருத்துவர் மணியைப் பார்த்தார். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, வாதம் தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எப்போது தாக்கியது என்று தெரியாமல் போட்டால் மூளையில் இரத்தம் கசியலாம், அதனால் போட முடியாது என்றார். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. எட்டுப் பத்துக்கும் பத்துக்கும் எவ்வளவு நேரம் என்று அவள் மனசு அங்கேயே நின்று கணக்குப் போட்டது. இரண்டு மணி நேரம்கூட இல்லை. சொல்லிவிடு, எட்டுப் பத்து என்று சொல்லிவிடு. மருத்துவர் இன்னும் ஒரு நிமிஷம் நின்றார், வேறு ஏதாவது தெரியுமா ஆன்டி என்று நேராக அவளைப் பார்த்தே கேட்டார். ஷாமினி அவள் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். லீலா இல்லை என்று தலையசைத்தாள். அந்த ஊசி போட்டிருந்தாலும் நடந்திருப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நடந்திருக்கலாம். லாம் என்ற அந்த ஒன்றரை எழுத்தோடுதான் ஏழு மாதமாக அவள் தூங்கி எழுகிறாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த ஷாமினி மேசையிலிருந்த நெத்திலியைப் பார்த்துவிட்டு, பாவம் அம்மா, வாங்கி வந்து ஆய்ந்துகூட வச்சிருக்கீங்களே என்று அழுதாள். வந்து பார்த்தால் கிடக்கிறார் என்றவள் எப்போது ஆய்ந்தாள் என்று மகளுக்குத் தோன்றவே இல்லை.

முட்டை கெட்டதுபோல் ஒரு வாடை வந்தது, பிறகு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஆவி. குளம் அவள் நினைத்ததைவிடச் சிறியது, சுற்றிலும் சிமெண்டுக் கரை கட்டி, ஓரத்தில் தகரக் கூரை போட்டு ஒரு பெஞ்சு வைத்திருந்தார்கள். அதிலிருந்து வாய்க்கால் வழியாக வழிந்து கீழே இன்னொரு குளம். முழங்கால்வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு ஒரு சீனர் உட்கார்ந்திருந்தார், அறுபதைத் தாண்டிய மனிதர். ஆ கியோங் என்று தன் பெயரைச் சொன்னார், முட்டிவலிக்குத் தினமும் வருவதாகச் சொன்னார், மேல்குளத்தில் இறங்க வேண்டாம், வெந்துவிடும், கீழே ஓடைத் தண்ணீர் கலக்கிறது, அங்கே உட்கார வையுங்கள் என்று மலாயில் சொன்னார். இறக்குவதற்குக் கை கொடுக்க வந்தார். குணசீலன் வேண்டாம் என்று கைகாட்டினார், லீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நாலு படி. ஒவ்வொரு படியிலும் அவருடைய முழு எடையும் அவள்மேல் வந்தது. தண்ணீரில் அவள் முழங்கையை விட்டுப் பார்த்தாள், அவருடைய வலது காலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது, அவளுக்குத் தெரிந்தால்தான் உண்டு. சூடு தாங்கக்கூடியதாக இருந்தது. கடைசிப் படியில் அவரை இடுப்புவரை நனைய உட்கார வைத்துவிட்டு அவளும் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆ கியோங் மரியாதைக்காகத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். குணசீலன் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார், சொல்லைத் தேடும்போது அப்படித்தான் செய்வார், ஆனால் இது தேடுவதுபோல் இல்லை, பாடம் செய்ததை ஒருதடவை சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"விருந்துல" என்றார். "எல்லாரும்... உன்ன... சிரிச்சாங்க. நான்தான்... சிரிக்க வச்சேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "உனக்கு... கோவம். அதான்... சொல்லாம... பாசார்... போயிட்ட. தப்பு... என்னது." இடது கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். "மன்னிச்சுக்க... லீலா."

இதற்காகத்தான் வந்தார். முதுகுக்கும் இல்லை, காலுக்கும் இல்லை. மகள் இல்லாத இடத்தில், யார் காதிலும் விழாத இடத்தில், ஏழு மாதமாகச் சேர்த்த சொற்களை அவளிடம் கொடுக்க வந்தார். அவருக்கு எதுவும் நினைவில்லை. கூப்பிட்டது நினைவில்லை, கதவைத் தட்டியது நினைவில்லை, அவள் சொன்ன பொய்யை அப்படியே வாங்கிவைத்துக்கொண்டு அதில் தன்னுடைய தப்பைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பேசாமல் இருந்துவிடலாம். பரவாயில்லைங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கும் நிம்மதி, அவளுக்கும், இல்லை, அவளுக்கு இல்லை, ஆனால் அவருக்காவது. அவருக்காக மறைப்பது என்றும் இதைச் சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்ததும்தான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு நான் எங்கேயும் போகவில்லை என்றாள். அவர் புரியாமல் பார்த்தார்.

"நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க" என்றாள். "கேட்டும் வரல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு... நேரம்?"

"கால்மணி நேரம் இருக்கும்." சொன்ன பிறகுதான் இப்போதும் பொய் சொல்கிறோம் என்று தெரிந்தது, வாய் தானாகக் குறைத்துவிட்டது. "இல்ல. நாப்பது நிமிஷம். நெத்திலி ஆஞ்சுக்கிட்டிருந்தேன்."

ஆவி இரண்டு பேருக்கும் நடுவில் ஏறிக் கலைந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், தன் வலது பாதத்தைப் பார்த்தார், அது தண்ணீருக்குள் வெளுத்து வேறு ஏதோ பொருள்போலக் கிடந்தது. அவருடைய முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் இப்போது எதையும் காட்டும், அந்தப் பக்கம் இறுகியது, பிறகு மெல்லத் தளர்ந்தது. கையை அவர் எடுக்கவில்லை. "போகுது... விடு" என்றார். "கோவம்... தானே. நானும்... உன்ன... பஸ் ஸ்டேசன்ல... விட்டுட்டு..." முடிக்காமல் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மன்னித்துவிட்டார். இதோடு முடிந்தது. நாற்பது நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தன்னுடைய பேருந்து நிலையத்தைக் கொடுத்து நேர் செய்துவிட்டார். லீலாவுக்கு அழுகை வந்தது, ஒரு கணம் அது நிம்மதியான அழுகைதான், பிறகு உள்ளே ஒரு குரல், வேறு ஏதாவது தெரியுமா ஆன்டி. அவர் மன்னித்தது சின்னதை. பெரியது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இந்த மன்னிப்பை வாங்கினால் அது திருடியதாகும், இனி வாழ்நாள் முழுக்க அவர் அவளைப் பார்த்து லேசாகச் சிரிப்பார், அவள் திருடியதைத் தின்றுகொண்டிருப்பாள். இன்னும் ஒண்ணு இருக்குங்க என்றாள். சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். ஊசி இருந்தது, நேரம் இருந்தது, மருத்துவர் அவள் முகத்துக்கு நேரே கேட்டார், எட்டுப் பத்து என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும், மகள் முன்னால் மானம் போகும் என்று தலையசைத்துவிட்டாள். நடந்திருப்பீங்களான்னு தெரியாது, பஸ் ஓட்டின கை திரும்பியிருக்குமான்னு தெரியாது, ஆனா போட்டிருப்பாங்க என்றாள். கோபத்தில் செய்தது இல்லை இது என்றும் சொன்னாள், கோபம் அப்போது ஆறிப்போயிருந்தது, வெறும் வெட்கம்.

அவர் கை எழுந்துபோனது. வேகமாக இல்லை. அவள் கைமேலிருந்து எழுந்து, தண்ணீருக்குள் போய், அவருடைய வலது கையைத் தேடி எடுத்து, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் அவர் அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேல்குளத்தில் ஏதோ குமிழி வெடித்தது. ஏதாவது சொல்வார், அடிப்பார், இடது கையால் ஒரு அறை கொடுத்தால்கூட நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அதிக நேரம் தண்ணீரில் இருக்கக் கூடாதுங்க, எழுந்திரிங்க என்று கடைசியில் அவள்தான் கையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மனிதரைத் தாடையால் காட்டினார்.

"அவர... கூப்புடு."

அவள் கூப்பிட்டாள். அங்கிள், கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று மலாயில் சொன்னபோது குரல் எழும்பவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆ கியோங் இறங்கி வந்தார், இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார், எதுவும் கேட்காமல் குணசீலனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவர் அந்த முன்பின் தெரியாத மனிதரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். லீலா இரண்டு பேரின் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள், கை நீட்டவும் முடியாமல், விலகி நிற்கவும் தெரியாமல். பெஞ்சில் உட்கார வைத்ததும் ஆ கியோங் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குணசீலன் குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவளைப் பார்த்தார். அதில் கோபம் இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு டிரைவர் தெரியாத ரோட்டைப் பார்க்கிற பார்வை, எவ்வளவு தூரம் இருக்கும், போக முடியுமா என்று.

"ஷாமினி... கிட்ட... சொல்லு" என்றார்.

சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்கிறேன் என்றாள்.

"இப்ப."

இங்கே லைன் இருக்காது என்றாள், உண்மையிலேயே போனில் ஒரு கோடுகூட இல்லை, அந்த ஒரு நொடி அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஆ கியோங் போனைப் பார்த்துப் புரிந்துகொண்டு மேட்டைக் காட்டினார், மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அங்கே போனால் எடுக்கும் என்றார். அவள் ஈரச் சேலையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மண் வழுக்கியது, காய்ந்த ஓலை காலில் கீறியது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள், கீழே இரண்டு பேரும் தெரிந்தார்கள், அவர் தலையை நிமிர்த்தி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. மணி அடித்தது. ஷாமினி உடனே எடுத்தாள், என்னம்மா, கார் மாட்டிக்கிச்சா, அப்பா நல்லா இருக்காரா என்றாள். நல்லா இருக்கார் என்றாள் லீலா. ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். தொண்டைக்குள்ளேயே சொன்னாள், ரகசியம் சொல்வதுபோல, ஏழு மாதமாக அதைப் பிடித்துவைத்திருந்த அளவுக்கு மெதுவாக.

கேக்கல, அம்மா, விட்டு விட்டு வருது, சத்தமாப் பேசுங்க என்றாள் மகள். லீலா இன்னொரு தடவை சொன்னாள். கேக்கல என்றாள் ஷாமினி. லீலா போனை இரண்டு கையாலும் வாயருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளாமல், கீழே நிமிர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தபடி, வரிசை வரிசையாக நின்ற அத்தனை மரங்களுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"வீட்டுலதாம்மா இருந்தேன். அப்பா கூப்பிட்டப்ப நான் வீட்டுலதான் இருந்தேன்."